புழுவெட்டில் புழு இல்லை, சொத்தைப் பல்லில் பூச்சி இல்லை... அப்போ ‘புழு’ எதுதான்?

குழந்தை தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடித்தால், "வயித்துல பூச்சி இருக்கும்மா, மருந்து குடு" என்பார் பாட்டி. தாடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்து வழுவழுவென்று ஆனால், "புழுவெட்டு தம்பி, சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ங்க" என்பார் சலூன்காரர். கடைவாய்ப் பல் வலித்தால், "பூச்சி அரிச்சிருக்கு" என்பார் பக்கத்து வீட்டு அக்கா.

மூன்று பேச்சிலும் ஒரு புழுவோ பூச்சியோ வந்துவிடுகிறது. ஆனால் புழுவெட்டில் புழு கிடையாது. சொத்தைப் பல்லில் பூச்சி கிடையாது. குழந்தையின் வயிற்றில் மட்டும் உண்மையிலேயே புழு இருக்க வாய்ப்பு உண்டு. அதையும் பல் கடிப்பதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு பக்கம், புழுதான் காரணம் என்று பலரும் நினைத்தே பார்க்காத நோய்கள் இருக்கின்றன. யானைக்கால் நோய் என்றால் எல்லோரும் கொசுவைத்தான் திட்டுவார்கள். ஆனால் கொசு கொண்டுவந்து உடம்பில் இறக்குவது நூல் போன்ற ஒரு புழுவை. திடீரென்று வரும் சில வலிப்புகளுக்குப் பின்னால்கூட ஒரு புழு இருக்கிறது. பெயரை மட்டும் நம்பி மருந்து எடுத்தால் என்ன ஆகும்? இல்லாத புழுவுக்கு வைத்தியம் நடக்கும், இருக்கிற புழு தப்பித்துக்கொள்ளும்.

புழுவா, பூச்சியா?

உயிரியல் படித்தவர்களிடம் கேட்டால், புழு என்று தனியாக ஓர் இனமே கிடையாது என்பார்கள். காலில்லாமல், அல்லது கால் சரியாகத் தெரியாமல், நீளமாக, மெத்தென்று நெளிந்து ஊர்வது எல்லாமே பேச்சில் புழுதான். உடம்பு வளையம் வளையமாக இருக்கும் மண்புழு ஓர் இனம். குடலில் வாழும் உருண்டைப்புழு வேறு இனம். தட்டையான நாடாப்புழு மூன்றாவது இனம். இவை மூன்றும் ஒன்றுக்கொன்று பங்காளிகள்கூட இல்லை.

கத்தரிக்காயை நறுக்கும்போது தலைகாட்டுகிறதே, அந்தப் புழு இந்த மூன்றிலும் சேராது. அது ஓர் அந்துப்பூச்சியின் குழந்தைப் பருவம். விட்டுவைத்தால் கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறந்துவிடும். மண்புழுவோ எத்தனை நாள் இருந்தாலும் மண்புழுதான்.

தமிழில் ‘பூச்சி’ இன்னும் தாராளமான சொல். கம்பளிப்பூச்சி என்று சொல்கிறோமே, அது உண்மையில் புழுப் பருவம். நாக்குப்பூச்சி என்றால் சில ஊர்களில் மண்புழு, சில ஊர்களில் வயிற்றுப் புழு. கிராமத்தில் ராத்திரி வெளியே கிளம்பினால், "டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போ, பூச்சி பொட்டு கிடக்கும்" என்பார்கள். அங்கே பூச்சி என்றால் பாம்பு! இருட்டிய பிறகு பாம்பின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது நம்பிக்கை.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தின் ‘வார்ம்’ என்ற சொல்லும் பாம்பிலிருந்துதான் கிளம்பியது. பழைய ஆங்கிலத்தில் ‘விர்ம்’ என்றால் பாம்பு, டிராகன் என்றெல்லாம் பொருள். ‘பேவுல்ஃப்’ என்ற பழங்காவியத்தில் நாயகன் கடைசியாக மோதும், நெருப்பு கக்கும் டிராகனுக்கும் இதே சொல்தான். காலப்போக்கில் டிராகன் சுருங்கிச் சுருங்கி மண்புழு அளவுக்கு வந்துவிட்டது.

பழைய குழப்பம் மட்டும் அங்கேயும் தீரவில்லை. ‘ஸ்லோ வார்ம்’ என்பது கால் இல்லாத ஒரு பல்லி. ‘க்ளோ வார்ம்’ ஒளிவிடும் வண்டு. மரக்கப்பலைத் துளைத்துத் தின்னும் ‘ஷிப் வார்ம்’ சிப்பி வகையைச் சேர்ந்தது. ‘ரிங்வார்ம்’ என்பதோ பூஞ்சைத் தொற்று. இந்தக் கடைசி விஷயத்தில் தமிழ் தப்பித்தது. நம் ஊரில் அதற்குப் பெயர் படர்தாமரை. பெயரில் புழு இல்லாததால் யாரும் அதற்குப் பூச்சி மாத்திரை தேடுவதில்லை. ஆனால் வேறொரு தவறு நடக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீமைத் தடவுகிறார்கள். அரிப்பு உடனே அடங்கும்; பூஞ்சை உள்ளுக்குள் இன்னும் படரும்.

அப்படியே ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். புழுங்கல் அரிசிக்கும் புழுவுக்கும் உறவு இல்லை. வெப்பத்தில் அவிவதைக் குறிக்கும் ‘புழுங்கு’ என்ற வேறு வினையிலிருந்து வந்தவை புழுங்கலும் புழுக்கமும். அரிசி மூட்டையில் நிஜமாகவே புழு நெளிந்தால், அது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

புழுவெட்டு: யார் வெட்டுகிறார்கள்?

தலையிலோ தாடியிலோ புருவத்திலோ வட்டமாக முடி கொட்டிவிடுவதுதான் புழுவெட்டு. ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ ஒன்று மேய்ந்துவிட்டுப் போன மாதிரி இருப்பதால் இந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். பார்த்தால் அப்படித்தான் தோன்றும், பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அங்கே புழுவும் இல்லை, பூஞ்சையும் இல்லை, கிருமியும் இல்லை. மருத்துவத்தில் இதன் பெயர் ‘அலோபீசியா ஏரியேட்டா’. உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே முடியின் வேர்களை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. இது தொற்றாது. சீப்பு மாற்றிப் பயன்படுத்தியதால் வந்தது, அழுக்கால் வந்தது என்பதெல்லாம் சரியல்ல.

இங்கேதான் பெயர் வேலையைக் காட்டுகிறது. புழு என்று பெயர் இருப்பதால், ‘நம்ம பிள்ளைக்கும் ஒட்டிக்கும்’ என்று பள்ளியில் பக்கத்தில் உட்கார விடாதவர்கள் இருக்கிறார்கள். புழுவைக் கொல்கிறேன் என்று காரமானதையும் கசப்பானதையும் தோலில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு சின்ன வட்டங்கள் என்றால், பலருக்கு எதுவுமே செய்யாவிட்டாலும் சில மாதங்களில் முடி திரும்ப முளைத்துவிடும். அப்படி முளைக்கும்போது கடைசியாக என்ன தேய்த்தார்களோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. வெங்காயத்தின் புகழுக்கு இதுவும் ஒரு காரணம்.

வட்டங்கள் பெருகினால், அல்லது புருவம், இமை வரை போனால் தோல் மருத்துவரிடம் போவதுதான் வழி. அந்த இடத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசி முதல் மாத்திரை வரை சிகிச்சைகள் இருக்கின்றன. தீவிர பாதிப்புக்காக ‘பாரிசிடினிப்’ என்ற மாத்திரைக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2022 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. அதே 2022 மார்ச்சில் ஆஸ்கர் மேடையில் நடிகர் வில் ஸ்மித், கிறிஸ் ராக்கை அறைந்தது நினைவிருக்கிறதா? ஸ்மித்தின் மனைவி ஜாடா பிங்கெட் ஸ்மித்தின் மொட்டைத் தலையைப் பற்றி அடித்த ஜோக்தான் அதற்குக் காரணம். அவர் தனக்கு அலோபீசியா இருப்பதை முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். புழுவெட்டு, அலோபீசியா எனப்படும் முடி உதிர்தல் பிரச்னைகளில் ஒரு வகை.

பல்லில் பூச்சி: புகையில் விழும் ‘புழு’

சொத்தைப் பல்லைப் புழு குடைகிறது என்ற நம்பிக்கை தமிழர்களுடையது மட்டும் அல்ல. பழைய பாபிலோனிலேயே பல் புழுவை விரட்ட மந்திரம் இருந்திருக்கிறது. ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் இதை நம்பினார்கள். நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் பிரான்சின் பியர் ஃபோஷார், 1728இல் வெளியிட்ட நூலில்தான் அந்தப் புழுக்களைத் தான் பார்த்ததில்லை என்று மறுத்தார்.

உண்மையில் நடப்பது இதுதான். பல்லில் ஒட்டிய இனிப்பையும் மாவுப்பண்டங்களையும் வாயில் உள்ள பாக்டீரியாக்கள் தின்று அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. குழி கறுக்கிறது.

சந்தையிலும் திருவிழாவிலும் பல்லிலிருந்து, காதிலிருந்து ‘புழு எடுத்துக் காட்டும்’ ஆட்கள் உண்டு. நிலக்கரியில் விதைகளைப் போட்டுப் புகை பிடிக்கச் சொல்வதும் உண்டு. சூட்டில் விதை வெடித்தால் உள்ளே இருக்கும் வெள்ளை முளை சுருண்டு வெளியே வரும். பார்ப்பதற்கு அச்சு அசல் புழுதான். வலி கொஞ்ச நேரம் மரத்துப்போகலாம். குழி அப்படியே இருக்கும், நரம்பு வரை போகும்.

வயிற்றுப் பூச்சி: இது நிஜம்தான்

இப்போது நிஜமான புழுவுக்கு வருவோம். மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் உலகம் முழுக்க சுமார் 150 கோடி பேரிடம் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. அதாவது கிட்டத்தட்ட ஐந்து பேரில் ஒருவர். முக்கியமானவை மூன்று: ஓர் அடி நீளம் வரை வளரும் உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு.

இதில் ரொம்பவும் சத்தமில்லாமல் வேலை செய்வது கொக்கிப்புழு. மலம் கலந்த ஈர மண்ணில் முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத இளம்புழு காத்துக்கொண்டிருக்கும். வெறுங்காலோடு நடக்கும்போது பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, கடைசியில் குடலில் கொக்கி போட்டு உட்கார்ந்துகொள்ளும். அங்கே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது சில துளிதான். நூறு புழு இருந்தால்?

வயிற்று வலி பெரிதாக இருக்காது. குழந்தை சோர்ந்து இருக்கும், படிப்பில் கவனம் போகாது, முகம் வெளுத்திருக்கும். ‘சாப்பாடு சரியா சாப்பிடல’ என்று பெற்றோர் நினைப்பார்கள். ரத்தப் பரிசோதனை செய்தால் ரத்தசோகை. செருப்புப் போட்டு விளையாடச் சொல்வது ஏதோ ஒழுங்குக்காக என்று பிள்ளைகள் நினைக்கலாம். காரணம் இதுதான்.

இனிப்பு சாப்பிட்டால் பூச்சி வரும் என்பது தவறு. புழு வருவது முட்டையிலிருந்து. முட்டை வருவது மண்ணிலிருந்தும் கழுவாத கையிலிருந்தும். பல் கடிப்பதற்கும் புழுவுக்கும் நேரடித் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. கன்னத்தில் வரும் வெள்ளைத் திட்டுகளைப் பார்த்துப் பூச்சி என்று முடிவு செய்வதும் அப்படித்தான். அது பெரும்பாலும் வறண்ட தோலில் வரும் சாதாரண மாற்றம். ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு என்றால் மட்டும் சந்தேகப்படலாம். அது நூல்புழுவாக இருக்கலாம். அது வந்தால் குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டும், நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும்.

இந்தியாவில் 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் நடத்தப்படுகிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வருடத்தில் இரண்டு முறை, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு ‘அல்பெண்டசோல்’ மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம் முழு மாத்திரை, அதற்குக் கீழ் பாதி. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரையிலான பெண்களுக்கும், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தவிர்த்து, கொடுக்கப்படுகிறது.

‘என் பிள்ளைக்குத்தான் பூச்சி இல்லையே, எதுக்கு மாத்திரை?’ என்று கேட்பவர்கள் நிறைய. இருக்கிறதா இல்லையா என்று வெளியே தெரியாது என்பதுதான் பிரச்னையே. மாத்திரை, புழு தன் உணவான சர்க்கரைச்சத்தை உறிஞ்ச முடியாமல் செய்துவிடும். அது பட்டினியில் செத்து மலத்தோடு போய்விடும். புழு அதிகமாக இருந்த பிள்ளைகளுக்கு அன்று லேசான வயிற்று வலி, குமட்டல் வரலாம். ‘மாத்திரை சாப்பிட்டு மயக்கம்’ என்று வாட்ஸ்அப்பில் ஓடும் பயத்துக்குப் பெரும்பாலும் ஆரம்பம் இதுதான். காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ இருந்தால் அன்று கொடுக்காமல், தேறிய பிறகு கொடுக்கலாம். மாத்திரையை மென்று விழுங்க வேண்டும்.

இதிலேயே ஒரு சொல் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ‘பூச்சி மருந்து’ என்றால் பாட்டிக்குக் குடற்புழு மருந்து. அதே வீட்டில் அப்பாவுக்கு அது வயலுக்கு அடிக்கும் விஷம். இரண்டுமே சின்ன பாட்டில்களில், ஒரே அலமாரியில் இருக்கக்கூடிய வீடுகள் உண்டு. "அந்தப் பூச்சி மருந்தை எடுத்துக் குடு" என்று பெரியவர் சொல்ல, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதில் பிள்ளை எடுத்து வந்தால்? வயல் மருந்து வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. வந்தால் பூட்டி வைக்க வேண்டும். குழந்தைக்குக் கொடுப்பதை ‘குடற்புழு மாத்திரை’ என்று பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.

அடுத்தது வலிப்பு. பன்றி நாடாப்புழு மனிதக் குடலில் வாழும்போது அதன் முட்டைகள் மலத்தில் வெளியேறும். அவை மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து கீரை, கேரட், கொத்தமல்லி வழியாக இன்னொருவர் வாய்க்குள் போனால், பொரிந்த இளம்புழு ரத்தத்தோடு மூளை வரை போய்க் கட்டியாக உட்கார்ந்துவிடும். அங்கிருந்து வலிப்பு வரும். ‘நாங்க சுத்த சைவம், எங்களுக்கு எப்படி?’ என்று ஸ்கேன் படத்தைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள் உண்டு. முட்டை வருவது கறியிலிருந்து அல்ல, கழுவாத காய்கறியிலிருந்து. மூளையில் உள்ள புழுவுக்கும் அல்பெண்டசோல் உண்டுதான். ஆனால் அது சாகும்போது சுற்றிலும் வீக்கம் வரும் என்பதால், மருத்துவர் பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்துவிட்டு ஸ்கேன் எடுக்காமல் விடுவதுதான் இதில் நடக்கிற பெரிய தவறு.

‘வயித்துல ஒரு புழு பூச்சி இல்லையா?’

இதே வயிறு, இதே சொல், ஆனால் பொருள் தலைகீழ். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆன பெண்ணிடம் உறவுக்காரர்கள் கேட்கும் கேள்வி இது. இங்கே புழு பூச்சி என்றால் கரு. கண் படக்கூடாது என்று குழந்தையைச் சின்னதாக்கிச் சொன்ன வழக்காக இது தொடங்கியிருக்கலாம். ஆனால் கேட்கப்படுபவருக்கு அது அப்படி விழுவதில்லை. கேள்வி எப்போதும் பெண்ணின் வயிற்றை நோக்கியே வருகிறது. குழந்தையின்மைக்கு ஆணிடமும் காரணம் இருக்கலாம் என்பது தெரிந்த பிறகும், ஆணிடம் கேட்க இப்படி ஒரு சொல் தமிழில் உருவாகவில்லை.

புழு என்றாலே தாழ்ந்தது என்ற எண்ணம் மொழி முழுக்க இருக்கிறது. ‘புழுவைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்’, ‘புழுத்துப் போவாய்’ எல்லாம் அந்த வகை. பிறவிகளை வரிசைப்படுத்தும்போது மாணிக்கவாசகர் புழுவையும் சொல்கிறார். அப்பரோ புழுவாகப் பிறந்தாலும் இறைவனை மறவாத மனம் வேண்டும் என்று கேட்கிறார். திருக்குறளில் 77ஆம் குறள் இன்னும் சுவாரஸ்யம். அன்பில்லாதவரை அறம் சுடும் என்பதற்கு, எலும்பில்லாத ஒன்றை வெயில் சுடுவதை உவமையாகச் சொல்கிறது. உரைகளெல்லாம் அதைப் புழு என்றுதான் சொல்கின்றன. குறளில் ‘புழு’ என்ற சொல்லே இல்லை. முதுகெலும்பில்லாத உயிர்கள் என்று இன்றைய பாடப்புத்தகம் வகைப்படுத்துவதற்கு எவ்வளவோ முன்னால், எலும்பில்லை என்பதை வைத்தே புழுவை அடையாளம் சொல்லியிருக்கிறார் வள்ளுவர்.

வயலில் எந்தப் புழு எதிரி?

2018 மே மாதம் கர்நாடகாவின் சிவமொக்காவில் மக்காச்சோளத்தில் புதிதாக ஒரு புழு கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 2016இல் ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கிருந்து பரவிய படைப்புழு. அதே ஆண்டே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்கள் அந்தப் பருவத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

தலையில் ஆங்கில ‘ஒய்’ எழுத்தைத் தலைகீழாகப் போட்ட மாதிரி ஒரு கோடு இருந்தால் அது படைப்புழு. குருத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு தின்னும். பெரிதாகிவிட்டால் மேலே எவ்வளவு மருந்து அடித்தாலும் எட்டாது. இங்கே புழுவை மட்டும் துரத்தினால் தோல்விதான். ஏனென்றால் இது அந்துப்பூச்சியின் ஒரு பருவம். ஒரு தாய் அந்துப்பூச்சி ஆயிரத்துக்கும் மேல் முட்டை இடும், ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரைகூடப் பறக்கும். கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும். அதனால்தான் வேளாண் அதிகாரிகள் ஆழ உழச் சொல்கிறார்கள். கூட்டுப்புழு மேலே வந்து வெயிலிலும் பறவைகளுக்கும் போய்விடும். ஆண் அந்துப்பூச்சிக்கு இனக்கவர்ச்சிப் பொறி, அடியுரமாக வேப்பம் புண்ணாக்கு, முட்டைக் குவியல் தெரிந்த உடனே இலையோடு நசுக்குவது என்று எல்லாமே புழு பெரிதாவதற்கு முன்னால் செய்கிற வேலைகள்.

அதே மண்ணில் இருக்கும் மண்புழு, கூலி கேட்காத வேலையாள். சார்லஸ் டார்வின் கடைசியாக 1881இல் வெளியிட்ட நூல் முழுக்க முழுக்க மண்புழுவைப் பற்றியது. மண்புழு இருந்த தொட்டிகளுக்குப் பக்கத்தில் அவர் மகன் பஸூன் என்ற குழல் வாத்தியம் வாசிக்க, மனைவி பியானோ வாசிக்க, டார்வின் பார்த்துக்கொண்டிருந்தார். மண்புழு அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே தூக்கி வைத்து வாசித்ததும் வளைக்குள் ஓடிவிட்டது. காது கேட்காது, அதிர்வு தெரியும் என்று அவர் எழுதினார். பல இடங்களில் ஓர் ஏக்கரில் வருடத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் மண்புழுக்களின் வயிற்றுக்குள் போய் வருகிறது என்பதும் அவர் கணக்கு.

அதற்குப் பத்து வருடம் கழித்து, 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தில் பெ. சுந்தரம் பிள்ளை ஒரு பாத்திரத்தை நிறுத்தி வைத்து, ‘நாங்கூழ்’ புழுவின் உழைப்பைப் பாராட்டிப் பேச வைக்கிறார். நாங்கூழ் என்பது மண்புழுவுக்குப் பழைய தமிழ்ப் பெயர். நம் காலத்தில் சென்னையைச் சேர்ந்த விஞ்ஞானி சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர் மண்புழுக்களை ஆராய்ந்து, மண்புழு உரத்தை விவசாயிகளிடம் கொண்டுபோனார். மண்ணில் போடும் சில குருணை மருந்துகள் எதிரிப் புழுவோடு சேர்த்து மண்புழுவையும் கொன்றுவிடும் என்பதை வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

விவசாயிக்கு இன்னொரு கூட்டாளி குளவி. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்வார்கள். இதைச் சொன்னவர்கள் நிஜமாகவே பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். மண்கூடு கட்டும் ஒரு வகைக் குளவி, புழுவைக் கொட்டி மரத்துப்போகச் செய்து கூட்டுக்குள் வைத்து மூடும். சில நாள் கழித்துக் கூட்டிலிருந்து குளவி வெளியே வரும். நடுவில் நடந்தது மட்டும் கண்ணில் படவில்லை. உள்ளே குளவி முட்டையும் வைத்திருந்தது. அதிலிருந்து வந்த குஞ்சு, மயங்கிக் கிடந்த புழுவைத் தின்று வளர்ந்தது.

கம்ப்யூட்டருக்குள் எப்படி வந்தது?

1975இல் ஜான் ப்ரன்னர் எழுதிய ஓர் அறிவியல் நாவலில் கம்ப்யூட்டர் வலைப்பின்னலுக்குள் தானாகப் பரவும் நிரலுக்கு ‘டேப்வார்ம்’, அதாவது நாடாப்புழு என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வைரஸ் இன்னொரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு, யாராவது திறந்தால்தான் பரவும். வார்ம் யாரையும் கேட்காமல் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானே ஊர்ந்து போகும்.

1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் விட்ட வார்ம், அன்றைய சின்ன இன்டர்நெட்டில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ 150 நாடுகளில் ஃபைல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே திணறின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது. ‘பிறகு நினைவூட்டு’ என்று தள்ளி வைத்தவர்கள்தான் மாட்டினார்கள்.

விண்வெளியின் ‘புழுத்துளை’ 1957இல் இயற்பியலாளர் ஜான் வீலர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர். ஆப்பிளின் மேல்தோலைச் சுற்றிப் போகாமல் உள்ளே துளைத்து மறுபக்கம் போகும் புழு மாதிரி என்ற கற்பனை. இதுவரை யாரும் ஒன்றையும் பார்க்கவில்லை. ‘புத்தகப் புழு’ ஆங்கிலத்திலிருந்து வந்த வழக்கு. சுவடியையும் புத்தகத்தையும் துளைக்கும் பூச்சிக்குத் தமிழில் வேறு அழகான பெயர் இருந்தது: இராமபாணம். ஒரே அம்பு ஏழு மரங்களைத் துளைத்த மாதிரி, அட்டை முதல் அட்டை வரை நேராகத் துளை போடுவதால்.

அகராதியில் மட்டும் மிஞ்சிய புழு

இன்னொரு புழு தமிழில் ‘நரம்புச் சிலந்தி’ என்ற பெயரில் இருந்தது. உலகம் அதை கினியா புழு என்கிறது. படிக்கிணற்றுத் தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சி வழியாக உடம்புக்குள் போகும். சுமார் ஒரு வருடம் கழித்து, கிட்டத்தட்ட மூன்றடி நீளத்தில், காலில் கொப்புளத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இழுத்தால் அறுந்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, தினமும் சில விரற்கடை என்று வாரக்கணக்கில் எடுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் காலைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்தால், அந்த நொடியே லட்சக்கணக்கில் குஞ்சுகளை விட்டுவிடும். அடுத்த வருடம் ஊருக்கே வரும்.

இதற்கு மாத்திரையும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. இந்தியா 1980களில் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் வேலையைத் தொடங்கியது. குடிக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். படிக்கிணறுகளை மாற்றி அடிபம்பு வைத்தார்கள். புழு வெளியே வரும் காலோடு யாரும் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் பதிவானார். 2000 பிப்ரவரியில் இந்தியா கினியா புழு இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. 1986இல் உலகம் முழுக்க சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2024இல் சாட், தெற்கு சூடான் ஆகிய இரண்டு நாடுகளில் 15 பேருக்கு மட்டுமே வந்தது. நரம்புச் சிலந்தி என்றால் என்ன என்று இன்று கேட்டால், தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் எட்டுக்கால் பூச்சி ஒன்றைத்தான் நினைப்பார்கள்.